எனக்கெதுக்கு இதெல்லாம்?

ஐம்பதைத் தாண்டிய அப்பா அம்மாவுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். மூன்று வசனம் வரிசையாக வரும். ஒன்று, "எனக்கெதுக்கு இதெல்லாம்?" இரண்டு, "என்ன விலை?" விலையைச் சொன்ன பிறகு மூன்றாவது, "பில் இருக்கா? திருப்பிக் கொடுத்தா எடுத்துக்குவானா?" ஹாஸ்டலில் எங்கள் வராண்டாவில் ஒன்பது பேரிடம் விசாரித்தேன். எட்டு வீட்டில் இதே மூன்று, இதே வரிசை. ஒன்பதாவது பெண்ணின் அப்பா முதல் இரண்டையும் தாண்டி நேராக மூன்றாவதுக்கே போய்விடுவாராம்.

இந்த ஆராய்ச்சிக்குக் காரணம் உண்டு. பி.காம். கடைசி வருஷம் படிக்கிறேன். ஐந்து மாதமாகச் சாயங்காலங்களில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் டேலியில் பில் ஏற்றும் வேலை. மாதம் 3,500 ரூபாய். பஸ், ஜெராக்ஸ், டீ, பஜ்ஜி (பஜ்ஜிதான் அதிகம்) எல்லாம் போக 6,000 மிஞ்சியது. முதல் சம்பாத்தியத்தில் பெற்றவர்களுக்கு ஏதாவது எடுத்துக் கொடுப்பது நம்ம ஊரில் எழுதாத சட்டம். அதனால் கேட்டேன். யோசனைகளுக்கா பஞ்சம்? வாக்கிங் ஷூ, ஸ்மார்ட் வாட்ச், கால் அமுக்கும் மெஷின், கல்யாண போட்டோவைப் பெரிதாக்கி ஃபிரேம், பெயர் போட்ட காபி கப். ஒருத்தி "பேசாம ஜிபே பண்ணிடு" என்றாள். அவள் வீட்டில் அப்பா ஃபோனில் ஜிபே இருக்கிறது. என் வீட்டில் அப்பா ஃபோனில் டார்ச் மட்டும்தான் வேலை செய்கிறது :-)

என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையம். நான் காலம் போன காலத்தில் பிறந்தவள். அக்காவுக்கும் எனக்கும் 11 வயது வித்தியாசம். அப்பாவுக்கு 66 ஆகிறது, அம்மாவுக்கு 59. அப்பா ஒரு பஞ்சாலை ஆபீஸில் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர். பி.எஃப். பென்ஷன் வருகிறது. மத்திய அரசு 2014-ல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்ததே, அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே. அதனால் காலையில் மூன்று மணி நேரம் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதப் போகிறார். இல்லாத வீடு என்று சொல்ல முடியாது. எடுத்துச் செலவழிக்கிற வீடும் இல்லை.

இவர்களுக்கு இதுவரை வந்த பரிசுகள் எல்லாம் என்ன ஆயின? போன பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது பீரோவின் மேல்தட்டை இறக்கியபோது ஒரு ஸ்டாக் எடுத்தேன். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அக்கா எடுத்த பட்டு வேட்டி, கட்டியது ஒரே ஒரு நாள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத டிராவல் பேக் ஒன்று. ஹாட் பேக் மூன்று, மூன்றும் மூன்று சைஸ். சுவர்க் கடிகாரம் இரண்டு. சட்டைத் துணி எத்தனை என்று எண்ணவில்லை, எண்ணினால் ஒரு ஜவுளிக்கடை லைசென்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். கால் அமுக்கும் மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் தினத்தந்தி வைக்கும் ஸ்டூலாக நல்லபடியாக வேலை செய்கிறது. கையில் கட்டினால் நடையை எண்ணும் பட்டை அக்கா பையனின் பொம்மைக் கரடி கையில் இருக்கிறது.

மறுப்பே சொல்லாமல் அம்மா வாங்கிக்கொண்ட ஒரே பரிசு 2011-ல் அறிவித்து ரேஷன் கார்டுக்குக் கொடுத்த அரசாங்க மிக்ஸிதான். "எனக்கெதுக்கு" என்று முதலமைச்சரிடம் சொல்லவில்லை. சந்தோஷமாக வரிசையில் நின்று வாங்கி வந்து, அன்றைக்கே தேங்காய்ச் சட்னி அரைத்தாள். ஏனென்று அப்போது புரியவில்லை, நான் அப்போது சின்னப் பெண். இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது. அந்த மிக்ஸிக்கு எங்கள் வீட்டில் யார் பையிலிருந்தும் காசு போகவில்லை.

பரிசைப் பற்றிப் பொருளாதாரக்காரர்கள் எழுதியதில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற ஒரு கட்டுரை இருக்கிறது. 1993-ல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்பவர் எழுதியது. அப்போது அவர் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு உங்களுக்கு வந்த பொருள்களுக்கு என்ன விலை இருக்கும், அதே பொருளை நீங்களே வாங்குவதாக இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார். இரண்டாவது தொகை குறைவாகவே வந்தது. பரிசின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கை மாறும்போதே காற்றில் கரைந்துவிடுகிறது என்பது அவர் கணக்கு. 100 ரூபாய்க்கு நான் வாங்கிய பொருள் உங்களுக்கு 70 ரூபாய்ப் பொருள். மீதி 30 யாருக்கும் இல்லை, கடைக்காரருக்குக்கூட இல்லை. இதே விஷயத்தை விரித்து 2009-ல் ஒரு புத்தகமும் எழுதினார்.

படித்ததும் பீரோ மேல்தட்டு ஞாபகம் வந்து சிரித்தேன். ஆனால் யோசித்தால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. கேள்வி கேட்கும்போதே "பாசத்துக்கு உள்ள மதிப்பை விட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறார். உப்பை எடுத்துவிட்டு ஊறுகாய் எப்படி என்று கேட்ட மாதிரி. இன்னொன்று, அவர் கேட்டது வாங்கிக்கொண்ட பிள்ளைகளை. பிள்ளைகளிடமிருந்து வாங்கிக்கொள்ளும் பெற்றவர்களை அல்ல. என் பிரச்சினை அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு வேட்டி பிடிக்காமல் இல்லை. ராஜபாளையத்தில் கல்யாண வீட்டில் யார் பட்டு வேட்டி கட்டி வந்தாலும் ஓரத்தைத் தடவிப் பார்த்து ஊர் சொல்லுவார். பிடிக்கும். கட்ட மாட்டார். இதை எந்த மதிப்புக் குறைவில் சேர்ப்பது?

எங்கள் பக்கம் பரிசு என்ற சொல்லே வீட்டுக்குள் புழங்குவதில்லை. செய்முறை என்பார்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீடு, எழவு எல்லாவற்றுக்கும் செய்முறை உண்டு. அப்பாவிடம் நீளவாக்கில் நான்கு மொய் நோட்டு இருக்கிறது. பெயர், ஊர், தொகை. ஒரு வீட்டு விசேஷம் வந்தால் முதலில் நோட்டைப் பார்ப்பார். அவர்கள் நமக்கு 501 வைத்திருந்தால் நாம் அதற்கு மேல் ஏதாவது வைக்க வேண்டும். அந்த மேல் தொகைதான் உறவு. சரியாக 501-ஐத் திருப்பி வைத்தால் கணக்கு முடிந்தது, இனி நமக்குள் ஒன்றுமில்லை என்று அர்த்தமாகிவிடும். முதல் செமஸ்டரில் இரட்டைப் பதிவு முறையை வாத்தியார் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பில் பாதிப் பேர் முழித்தார்கள். எனக்குப் பழகிய வாசனையாக இருந்தது. வரவு வந்தால் கடன். எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

பாத்திரத்தில் பெயர் வெட்டுவதும் இந்தக் கணக்கில் ஒரு பகுதிதான். அன்பளிப்பு என்று போட்டு, இன்னார், இன்ன தேதி என்று புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுப்பார்கள். ஞாபகத்துக்காக என்று சொல்வார்கள். எனக்கு என்னவோ, வாங்கியவர் அதை அப்படியே அடுத்த கல்யாணத்தில் கொண்டுபோய் வைத்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்று தோன்றுகிறது. பெயர் இல்லாத சுவர்க் கடிகாரத்தின் கதி தெரியும்தானே? எங்கள் வீட்டு இரண்டில் ஒன்று ஏற்கனவே மூன்று கல்யாணம் பார்த்தது.

இதில் மகள் கொடுப்பதற்கு நோட்டில் பக்கமே கிடையாது. மகளுக்குத்தான் கொடுக்க வேண்டும். தலைதீபாவளி, பொங்கல்படி, பிள்ளை பிறந்தால், பிள்ளைக்குக் காது குத்தினால் என்று கடைசிவரை பிறந்த வீட்டிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தை மாதமும் அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, வாழைத்தார், பனங்கிழங்கு எல்லாம் கட்டி அப்பா பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவார். மகள் வீட்டில் கை நனைக்கவே யோசித்த தலைமுறையின் பிள்ளை அவர். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி, எல்லாம் கீழ்நோக்கியே வர வேண்டும். நான் ஊரிலிருந்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் பஸ் ஸ்டாண்டில் 200 ரூபாய் கொடுப்பார். சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும் நிற்கவில்லை. அம்மாவும் சளைத்தவள் இல்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை முதல் 1,000 அவள் வங்கிக் கணக்கில் விழுந்தபோது, வாழ்க்கையில் முதன்முறையாக அவள் பெயருக்கென்று அரசாங்கத்திலிருந்து வந்த பணம், என்ன வாங்கினாள் தெரியுமா? எனக்குச் சுடிதார் துணி.

மேல்நோக்கி ஒன்று வந்தால் என்ன ஆகும் என்பதை அக்கா விஷயத்தில் பார்த்துவிட்டோம். மூன்று வருஷம் முன்பு அப்பாவுக்கு 11,000 ரூபாயில் ஃபோன் வாங்கிக் கொடுத்தாள். அத்தானுக்கும் சம்மதம்தான், அவரே கடைக்குப் போய் எடுத்து வந்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, வாங்கிக்கொண்டார். எங்களுக்கே ஆச்சரியம். நாலு மாதம் கழித்து அக்கா பையனுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் இல்லாத வீடு, அதனால் அப்பாதான் முன்னால் நின்றார். செய்ய வேண்டிய சீரெல்லாம் செய்துவிட்டு, தனியாக ஒரு கவரைப் பேரன் கையில் திணித்தார். 12,001 ரூபாய். அம்மா போட்டிருந்த சீட்டைத் தள்ளி எடுத்த பணம். அக்கா கவரைப் பிரித்ததும் எதுவும் பேசவில்லை, அடுப்படிக்குள் போய்விட்டாள். ஆக, அக்கா கொடுத்த பரிசால் எங்கள் வீட்டுக்குச் செலவு 12,001 ரூபாய், சீட்டில் தள்ளுபடி போனது தனி.

அன்றைக்கு அம்மா என்னிடம் சொன்னது மனதில் நிற்கிறது. "அவ இன்னொரு வீட்டுப் பொண்ணுடி. அவ குடுத்தத வச்சுக்கிட்டா நாளைக்கு அந்த வீட்டுல ஒரு சொல்லு வரும்." அத்தான் அப்படிச் சொல்லும் ஆள் இல்லை. அது அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தாலும் கணக்கை நேர் செய்துவிடுவார்கள். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. என் காசு இன்னும் வீட்டுக் காசு. அதற்கு எத்தனை வருஷம் இருக்கிறது என்று தெரியவில்லை. நான் கொடுத்தால் திரும்பி வராமல் இருப்பதற்கு ஒரு வழி இருக்கிறது என்றால் அது இந்தக் கொஞ்ச நாளில்தான். இந்த 6,000 ரூபாயை வைத்துக்கொண்டு நான் ஏன் இவ்வளவு மண்டையை உடைத்தேன் என்று கேட்ட ரூம்மேட்டுக்கு அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.

வீட்டுக் காசு என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கம்பெனிக் கணக்கு படித்தவர்களுக்குத் தெரியும். தாய் நிறுவனமும் துணை நிறுவனமும் சேர்ந்து ஒருங்கிணைந்த அறிக்கை போடும்போது, அவர்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கலை எல்லாம் நீக்கிவிட வேண்டும். குழுமத்துக்குள் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போனது வருமானம் ஆகாது. அப்பா மனதில் நான் துணை நிறுவனம். நான் 2,000 ரூபாய்க்குச் சட்டை எடுத்தால் அவருக்குச் சட்டை வந்ததாகத் தெரியாது, வீட்டில் 2,000 குறைந்ததாகத்தான் தெரியும். அது என் மேற்படிப்புக்கு ஆகியிருக்கும் என்று வேறு சொல்வார். சட்டமும் அவர் பக்கம்தான். 1958-ல் கொண்டுவந்த அன்பளிப்பு வரியை 1998-ல் எடுத்துவிட்டார்கள். இப்போது வருமான வரியில், வெளியார் ஒரு வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்புக் கொடுத்தால் அது வருமானம். பெற்றவர்களும் பிள்ளைகளும் கொடுத்துக்கொண்டால் எவ்வளவானாலும் வரி கிடையாது. ஒரே பை என்று வரித்துறையே ஒத்துக்கொண்ட மாதிரி.

ரிச்சர்ட் தேலர் என்று ஒரு பேராசிரியர், 2017-ல் பொருளாதாரத்துக்கான நோபல் வாங்கியவர். 1985-ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு குட்டிக்கதை சொல்கிறார். எஸ் என்று ஒரு மனிதர் கடையில் 125 டாலர் ஸ்வெட்டரைப் பார்த்து ஆசைப்படுகிறார். ஊதாரித்தனம் என்று வாங்காமல் வந்துவிடுகிறார். மாதக் கடைசியில் அவர் மனைவி பிறந்தநாளுக்கு அதே ஸ்வெட்டரைக் கொடுக்கிறார். எஸ்ஸுக்கு ரொம்ப சந்தோஷம். இத்தனைக்கும் இருவருக்கும் இருப்பது ஒரே கூட்டு வங்கிக் கணக்கு! ஒரே பணம்தான், ஆனால் மனதுக்குள் நாம் வைத்திருக்கும் தலைப்பு மாறினால் அதே செலவு செல்லுபடியாகிவிடுகிறது என்கிறார். எங்கள் அப்பா அந்த எஸ்ஸாக இருந்திருந்தால் மறுநாள் காலை கடை திறக்குமுன் ஸ்வெட்டரோடு வாசலில் நின்றிருப்பார் என்பது வேறு விஷயம். ஆனால் தலைப்பு என்ற வார்த்தை எனக்கு உதவியது. அப்பா தலைப்புப் போட்டு எழுதுகிற ஆள். நாற்பது வருஷமாக எல்லாச் செலவையும் ஏதோ ஒரு தலைப்பின் கீழ்தான் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் எந்தத் தலைப்பில் வந்தால் அவர் பேனா தடுக்காது?

வீட்டுக்குள் எது எது கேள்வி இல்லாமல் நுழைந்தது என்று பின்னோக்கி யோசித்தேன். ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினை அக்கா இரண்டு முறை வாங்கித் தருகிறேன் என்றாள், "என்னை நோயாளி ஆக்காதே" என்று கத்தினார். பிறகு டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அடுத்த நாளே அவரே வாங்கி வந்தார். இப்போது காலையில் ஐந்து நிமிஷம் ஆடாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்துக்கு மேஜையில் வைத்து, பார்த்து, நோட்டில் குறிக்கிறார். மருத்துவச் செலவு. போன வருஷம் ஃபேன் காயில் எரிந்தது, சத்தமில்லாமல் காயில் கட்டினார். தையல் விட்ட செருப்பை நாலாவது முறையாகத் தைத்தார். பராமரிப்புச் செலவு. மூலதனச் செலவு, வருவாயினச் செலவு என்று இரண்டு உண்டே, புதிதாக ஒரு சொத்து வாங்கினால் முதல் வகை, இருக்கிற சொத்தை ஓட்டத்தில் வைத்தால் இரண்டாவது. முதல் வகைக்கு அப்பாவிடம் அனுமதி கிடையாது. இரண்டாவதுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அப்போதுதான் வாட்ச் ஞாபகம் வந்தது.

அப்பாவின் எச்.எம்.டி. வாட்ச். சாவி கொடுக்கிற ரகம், ஜனதா மாடல். 1984-ல் முதல் தீபாவளி போனஸில் வாங்கியதாம். எச்.எம்.டி.காரர்கள் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் 1961-ல் வாட்ச் செய்ய ஆரம்பித்தார்கள். ஒரு காலத்தில் உத்தியோகம் பார்க்கிற கை என்றால் அந்த வாட்ச்தான். வாட்ச் கம்பெனியை 2016-ல் மூட முடிவெடுத்தார்கள். அப்பாவுடையது அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் ஓடி, நாலு வருஷம் முன்பு நின்றது. "பார்ட்ஸ் கிடைக்காது" என்று யாரோ சொல்ல, கர்ச்சீப்பில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டார். கையைத் திருப்பி மணி பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார், பிறகு சுவரைப் பார்ப்பார்.

அம்மாவைக் கூட்டுச் சேர்த்து வாட்சைக் கடத்தி வந்தேன். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு ரிப்பேர் கடை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்த பெரியவர், "உள்ள சுத்தமா இருக்கும்மா, ஸ்பிரிங்தான் போயிருக்கு. பழைய மிஷின் ஒண்ணு கிடக்கு, அதுல இருந்து எடுத்துப் போடலாம்" என்றார். பத்து நாள். சர்வீஸ், ஸ்பிரிங், கண்ணாடி பாலிஷ், புதுப் பட்டை சேர்த்து 850 ரூபாய். பில் கேட்டேன். சிரித்தார். அவர் கடையில் பில் கேட்ட முதல் ஆள் நானாம். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அம்மாவுக்கு என்ன என்பதுதான் இதைவிடக் கஷ்டம். நேரடியாகக் கேட்டால், "நீ நல்லாப் படிச்சு ஒரு வேலையில உக்காரு, அதுவே போதும்" என்பாள். அது பதில் இல்லை, தவணை. இந்த மாதிரி ஆட்களிடம் கேட்கக் கூடாது, அவர்கள் எதைத் திட்டுகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். அம்மா தினமும் திட்டுவது தூக்குச்சட்டியை. (வடக்கே தூக்குவாளி என்பார்கள்.) பக்கத்து வீட்டுக்குக் குழம்பு போவதும், அங்கிருந்து கூட்டு வருவதும், கடலை மிட்டாய் போவதும், முருங்கைக்காய் வருவதும் அதில்தான். காது ஒரு பக்கம் ஆடுகிறது. மூடி வேறொரு சட்டியின் மூடி.

அதே பொங்கல் ஒதுக்கலில் இன்னொன்றும் பார்த்தேன். வீட்டில் பெயர் வெட்டிய பாத்திரம் 37 இருக்கிறது. தாத்தாவின் இனிஷியலோடு அவர் பெயர் வெட்டிய சீர்ப் பாத்திரங்கள் இருக்கின்றன. அத்தைகள் பெயர், மில்லில் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து கொடுத்த அண்டாவில் எட்டுப் பேர் பெயரும். அப்பாவே வாங்கியதில் அப்பா பெயர். அக்கா பெயர் வெட்டியதெல்லாம் அக்காவோடு போய்விட்டது. எனக்கென்று சேர்த்து வைத்த இரண்டில் என் பெயர். அத்தனையையும் முப்பத்து நாலு வருஷமாகத் தேய்த்துக் கழுவுகிற ஆளின் பெயர் ஒன்றிலும் இல்லை.

பாத்திரக் கடையில் நல்ல கனமான தூக்குச்சட்டி எடுத்தேன், 640 ரூபாய். பெயர் வெட்டுகிற அண்ணன் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, "குடுக்குறவங்க பேரா?" என்றார். "இல்லண்ணே, வாங்கிக்கிறவங்க பேரு." "இனிஷியல்?" அங்கே ஒரு நிமிஷம் நின்றேன். தாத்தாவின் எழுத்தா, அப்பாவின் எழுத்தா? இரண்டும் வேண்டாம் என்றேன். "வெறும் பேரா?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டு வெட்டினார். நாலே எழுத்து. (என்ன பெயர் என்று இங்கே எழுதினால் அம்மா கொன்றுவிடுவாள்.)

சனிக்கிழமை ஊருக்குப் போய் இரண்டையும் கொடுத்தேன். அம்மா சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏண்டி காசக் கரியாக்குற? பழசுக்குக் காது வச்சாப் போச்சு." பிறகு விலை. பிறகு விரலால் எழுத்தைத் தடவினாள். "என் பேரை எதுக்குடி வெட்டுன, அப்பா பேரை வெட்டியிருக்கலாம்ல?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் குழிப்பணியாரம் சுட்டு அந்தத் தூக்குச்சட்டியில் நாலாவது வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டைத் தாண்டி நாலாவது வீட்டுக்குப் பணியாரம் போவது எங்கள் வீட்டு வழக்கமே இல்லை. அவர்களும் திருப்பித் தரும்போது வாசலில் நின்று பெயரை வாசித்துவிட்டுத்தான் தந்தார்கள்.

அப்பா முதலில் கேட்டது பில். கொடுத்தேன். சர்வீஸ், ஸ்பிரிங், பாலிஷ், பட்டை என்று ஒவ்வொன்றாக வாசித்துக் கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாக இருந்தது. "ஸ்பிரிங் ஒரிஜினலா?" என்றார். பழைய மிஷினிலிருந்து எடுத்தது என்றேன். "அப்ப ஒரிஜினல்தான்" என்று சொல்லிவிட்டு, சீட்டைக் கொண்டுபோய் பில் குத்தும் கம்பியில் ஈ.பி. பில்லுக்கு மேலே குத்தினார். "எனக்கெதுக்கு" வரவில்லை. சாவி கொடுத்தார், காதில் வைத்துக் கேட்டார், எனக்கும் வைத்துக் காட்டினார். ராத்திரி படுக்கப் போகும்முன் இன்னொரு முறை சாவி கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். 850-ஐயும் 640-ஐயும் கூட்டி, மேலே 11 ரூபாய் வைத்து, 1,501-ஆகக் கையில் திணித்துவிடுவாரோ என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். மதுரை பஸ் கிளம்பும் நேரம். வாட்சைப் பார்த்து, "இன்னும் மூணு நிமிஷம் இருக்கு தாயி" என்றார். சட்டைப் பையில் கை விட்டார். ஜன்னல் வழியாக நீட்டியதை எண்ணிப் பார்த்தேன்.

எப்போதும் கொடுக்கிற 200 மட்டும்தான்.

பி.கு.: மிச்சம் 4,510 ரூபாய் இருக்கிறது. பெயர் வெட்டுவது பாத்திரம் வாங்கின கடையிலேயே என்றால் இலவசம், வேறு கடையில் வாங்கியதை எடுத்துப் போனால் நான் போன இடத்தில் மறுத்துவிட்டார்கள். சாவி வாட்ச் ரிப்பேர் கடைக்கு வழி வேண்டும் என்பவர்கள் வகுப்பில் கேளுங்கள், பெரியவர் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கடையில் இருக்க மாட்டார்.